உங்கள் தினபலனை நீங்களே எழுதுவது எப்படி: பஞ்சாங்கத்திலிருந்து நாட்குறிப்பு வரை

காலையில் எழுந்ததும் ராசிபலனில் கண் போகாமல் இருக்காது என்பவர்களுக்கான வழிகாட்டி இது. அதை விட்டுவிடச் சொல்லப்போவதில்லை. பிறர் எழுதிய இரண்டு வரியைப் படிப்பதற்குப் பதிலாக, அந்த இரண்டு வரி எதிலிருந்து வருகிறதோ அந்தக் கணக்கை நீங்களே போட்டு, உங்களுக்கான பலனைக் கேள்வி வடிவத்தில் எழுதிக்கொள்வது எப்படி என்று சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரகங்கள்தாம் நம் நாளைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு நிரூபணம் இல்லை. இந்த முறைக்கு அந்த நம்பிக்கை தேவையும் இல்லை. தானாக யோசிக்கச் சொன்னால் மனம் தினமும் ஒரே கவலையைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். வேலையைப் பற்றி யோசிப்பவர் வேலையையே யோசிப்பார். பணத்தைப் பற்றி யோசிப்பவர் பணத்தையே. சந்திரன் பன்னிரண்டு ராசிகளையும் சுமார் 27 நாளில் சுற்றி வருகிறது. அந்தச் சுற்றைப் பிடித்துக்கொண்டால், நாம் வசதியாக ஒதுக்கி வைத்திருக்கும் பக்கங்களுக்கும் முறைவைத்து ஒரு நாள் வரும். இந்தப் பழக்கத்தின் பயன் அதுதான்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் தடுமாறுவது கணக்கில் அல்ல, வரிசையில்தான்: பலனை முதலில் படித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி கணக்கைத் தேடுகிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜென்ம நட்சத்திரம், அதன் பாதம், ஜென்ம ராசி ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜாதகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும். லக்னம், தசாபுத்தி, நவாம்சம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

பாதம் எதற்கு? பாதம் என்பது ஒரு நட்சத்திரத்தின் கால் பங்கு. ஒரு ராசிக்கு இரண்டே கால் நட்சத்திரம், அதாவது ஒன்பது பாதங்கள். அதனால் கார்த்திகை, மிருகசீரிஷம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பது நட்சத்திரங்களும் இரண்டு ராசிகளில் பிரிந்து கிடக்கின்றன. 'நான் விசாகம்' என்பது மட்டும் போதாது. முதல் மூன்று பாதம் என்றால் துலாம்; நான்காம் பாதம் என்றால் விருச்சிகம். இதில் தவறினால் அடுத்து வரும் எல்லாக் கணக்கும் ஓர் இடம் தள்ளிப்போகும்.

பிறகு ஒரு பஞ்சாங்கம் அல்லது பஞ்சாங்கக் குறிப்புகள் அச்சிட்ட தினசரிக் காலண்டர், ஒரு நோட்டு, ஒரு பேனா. செயலியிலேயே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம், ஆனால் பஞ்சாங்கச் செயலியைத் திறந்ததும் ஆயத்தமாக எழுதிய பலன் கண்ணில் படும். அதைப் படித்த பிறகு சொந்தமாக யோசிப்பது கடினம். நோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

2. ராசியை உறுதிசெய்துகொள்ளுங்கள்

நம் வழக்கில் ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த ராசி. மேல்நாட்டு முறையில், பிறந்த தேதியை வைத்துச் சூரியன் இருந்த ராசியைச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, தேதியைக் கொண்டு இணையத்தில் ராசி தேடி எடுத்தவர்கள் பலர்.

குழப்பம் அதோடு முடிவதில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டுக் கணக்கில் அவருடைய சூரிய ராசி மேஷம். நம் கணக்கில் அன்று சூரியன் மீனத்தில்தான் இருக்கும். மேஷத்துக்கு வருவது சித்திரை முதல் நாள், அதாவது ஏப்ரல் 14 வாக்கில். இரு முறைகளுக்கும் இடையே இன்று சுமார் 24 பாகை இடைவெளி இருக்கிறது. அயனாம்சம் என்பது அதுதான். அவருடைய ஜென்ம ராசியோ, அன்று சந்திரன் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து பன்னிரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே பிறந்த தேதியை மட்டும் வைத்து ராசியை ஊகிக்க வேண்டாம். பிறந்த நேரமும் ஊரும் சேர்ந்தால்தான் கணக்கு.

3. ஒரே பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தமிழில் இரண்டு வகைப் பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாய்பாடுகளைப் பின்பற்றுகிறது. திருக்கணிதம் இக்கால வானியல் கணக்கைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் முன்பின்னாகும். மெதுவாக நகரும் கிரகங்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது இரண்டாவது தேதியில்தான்.

எது சரி என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. வானத்தில் சந்திரன் உண்மையில் இருக்கும் இடம் வேண்டும் என்றால் திருக்கணிதம்; வீட்டில் பரம்பரையாக வாக்கியம் பார்க்கிறார்கள் என்றால் வாக்கியம். எதுவானாலும் ஒன்றோடு நில்லுங்கள். இன்று இதில் நல்லபடியாக இல்லையே என்று அடுத்ததைப் புரட்டத் தொடங்கினால், நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை புரட்டிக்கொண்டே இருப்போம். பிடிக்காத கேள்வியும் வந்தாக வேண்டும் என்பதுதானே நோக்கம்.

4. இன்று சந்திரன் எங்கே என்று பாருங்கள்

தினமும் பார்க்க வேண்டியவை இரண்டே: இன்றைய நட்சத்திரம், சந்திரன் இருக்கும் ராசி. யோகம், கரணம், சூலம், குளிகை என்று தாளில் உள்ள மற்றவற்றை அப்படியே விடுங்கள்.

சந்திரன் ஒரு ராசியில் சுமார் இரண்டே கால் நாள் தங்கும். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். ஆனால் இரண்டும் நள்ளிரவில் மாறுவதில்லை, எந்த நேரத்திலும் மாறும். எனவே பெயரை மட்டும் குறித்துக்கொள்ளாமல் எத்தனை மணி வரை என்பதையும் குறியுங்கள். நேரத்தைப் படிப்பதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது நாழிகை. பழைய பாணிப் பஞ்சாங்கத்தில் '22.30 வரை' என்று போட்டிருந்தால் அது இரவு பத்தரை மணி அல்ல. சூரிய உதயத்திலிருந்து 22 நாழிகை 30 விநாழிகை என்று பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம்; 22½ நாழிகை ஒன்பது மணி நேரம். உதயம் காலை 6 மணி என்றால் அந்த நட்சத்திரம் பிற்பகல் 3 மணிக்கே முடிந்துவிடுகிறது. இதைக் கடிகார நேரமாகப் படித்தவர் ஏழரை மணி நேரம் பழைய நட்சத்திரத்திலேயே இருந்திருப்பார்.

இரண்டாவது பின்னிரவு. பஞ்சாங்க நாள் உதயம் முதல் மறு உதயம் வரை. செவ்வாய்க்கிழமைத் தாளில் 'பின்னிரவு 2.40' என்றிருந்தால், கடிகாரப்படி அது புதன்கிழமை அதிகாலை.

மூன்றாவது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. சந்திரன் ராசி மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான்; கடிகாரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். இந்திய நேரம் பிற்பகல் 2 மணி என்றால் குளிர்கால லண்டனில் காலை 8.30. ஆனால் ராகு காலம், எமகண்டம் போன்றவை பகல் பொழுதை எட்டாகப் பகுத்து வருபவை. அவற்றை இப்படி நேரம் மாற்றி எடுக்க முடியாது. அந்தந்த ஊரின் உதயம், அஸ்தமனத்தைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். நம் நாட்குறிப்புக்கு அவை தேவையில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

5. ஜென்ம ராசியிலிருந்து எண்ணுங்கள்

வரிசை: மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம். உங்கள் ராசியை ஒன்று என்று வைத்துக்கொண்டு, சந்திரன் இருக்கும் ராசி வரை எண்ணுங்கள்.

சொந்த ராசியை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ரிஷப ராசிக்காரருக்குச் சந்திரன் கன்னியில் இருந்தால்: ரிஷபம் 1, மிதுனம் 2, கடகம் 3, சிம்மம் 4, கன்னி 5. ஐந்தாம் இடம், நான்காம் இடம் அல்ல. ஜோதிடம் கற்றவர்கள் லக்னத்திலிருந்து எண்ணலாமா என்று கேட்பதுண்டு. தினசரிக் கோசாரத்துக்கு, அதாவது கிரகங்கள் இன்று எங்கே நகர்கின்றன என்று பார்ப்பதற்கு, ராசியிலிருந்து எண்ணுவதே வழக்கம், அதையே வைத்துக்கொள்வோம்.

நோட்டின் உள்ளட்டையில் உங்கள் ராசியில் தொடங்கிப் பன்னிரண்டையும் எண்ணோடு ஒருமுறை எழுதி வையுங்கள். தினமும் விரல் விட வேண்டாம்.

6. இடத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

மரபுப்படி சந்திரன் ராசிக்கு 1, 3, 6, 7, 10, 11 ஆகிய இடங்களில் நன்மை. மற்ற ஆறில் அவ்வளவு நன்மையில்லை. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் மாதத்தில் பாதி நல்ல நாள், பாதி கெட்ட நாள் என்று பிரிந்து நிற்கும். அதை வைத்து யோசிக்க எதுவும் இல்லை. பயப்பட மட்டுமே முடியும். ஒவ்வொரு இடத்துக்கும் ஜோதிடம் ஒதுக்கியிருக்கும் காரகங்களை, அதாவது அந்த இடத்துக்குரிய விஷயங்களை எடுத்து, அவற்றைக் கேள்வியாக்கினால் பன்னிரண்டு இடங்களுக்கும் வேலை வந்துவிடுகிறது.

ஒன்றாம் இடம் உடலும் தன்னிலையும்: இன்று என் உடம்பு என்ன சொல்கிறது, நான் கேட்கிறேனா? இரண்டு வாக்கு, தனம், குடும்பம். பணத்தைப் பற்றி எழுதத்தான் கை போகும், வாக்கையும் விடாதீர்கள். வீட்டில் யாரிடம் எந்தத் தொனியில் பேசுகிறேன் என்ற கேள்வியைப் பலர் சுற்று முழுவதும் தட்டிக்கழிக்கிறார்கள். மூன்று முயற்சி, துணிவு, உடன்பிறப்பு: தொடங்காமல் வைத்திருக்கும் சிறு காரியம் எது? நான்கு தாய், வீடு, சுகம்: வீடு திரும்பும்போது நிம்மதி வருகிறதா, வராவிட்டால் எதனால்?

ஐந்து எண்ணமும் பிள்ளைகளும்: எந்த நினைப்பைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கிறேன்? ஆறு கடன், நோய், பகை. பெயர் கடுமையாக இருந்தாலும் சந்திரனுக்கு இது நல்ல இடம் என்பதைக் கவனியுங்கள். சிக்கலை எதிர்கொள்ளும் நாள். யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறேன், பதில் போடாத செய்தியும் பாக்கிதானே? ஏழு இணை, கூட்டு, எதிரில் நிற்பவர்: அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிவேன்?

எட்டுக்குத் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறேன். ஒன்பது தந்தை, குரு, பாக்கியம்: யாரிடமிருந்து கற்றதை இன்று பயன்படுத்துகிறேன், எதை இனியும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை? பத்து தொழில், இதற்குக் கேள்வி எழுத யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. பதினொன்று லாபம், மூத்தவர்கள், நண்பர்கள்: கிடைத்ததைக் கிடைத்தது என்று உணர்ந்தேனா? பன்னிரண்டு செலவு, தூக்கம், விடுபடுதல்: பணம் போகட்டும், நேரமும் கவனமும் எங்கே ஒழுகிப்போகின்றன?

என் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இடத்தின் காரகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துகிறபடி பன்னிரண்டையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: அதை இன்னொருவர் நோட்டில் ஒட்டினாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் அது நீர்த்துப்போன கேள்வி. 'இன்று பொறுமையாக இருக்கிறேனா?' என்பது எல்லோருக்கும் எல்லா நாளும் பொருந்தும். 'மகன் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கும்போது இரண்டாவது முறை எப்படிச் சொல்கிறேன்?' என்பது உங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

7. தாரையைக் கொண்டு வேகத்தை நிர்ணயியுங்கள்

சந்திரன் ஒரே ராசியில் இரண்டு நாளுக்கு மேல் இருப்பதால், தொடர்ந்து இரண்டு மூன்று காலைகளில் ஒரே கேள்வி வரும். நாளுக்கு நாள் வித்தியாசம் காட்டத் தாராபலன் உதவும்.

நட்சத்திர வரிசை: அஸ்வினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை, புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி.

ஜென்ம நட்சத்திரத்தை ஒன்றாக வைத்து இன்றைய நட்சத்திரம் வரை எண்ணுங்கள். ஒன்பதைத் தாண்டினால் ஒன்பது ஒன்பதாகக் கழித்துக்கொள்ளுங்கள். ரோகிணியில் பிறந்தவருக்குச் சித்திரை பதினொன்றாவது. ஒன்பதைக் கழித்தால் 2. ரேவதியில் பிறந்தவருக்கு ரோகிணி: ரேவதி 1, அஸ்வினி 2, பரணி 3, கார்த்திகை 4, ரோகிணி 5. வரிசை முடிந்ததும் அஸ்வினிக்குத் திரும்ப வேண்டும் என்பதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

தாரைகள் முறையே ஜென்மம், சம்பத்து, விபத்து, க்ஷேமம், பிரத்யக்கு, சாதகம், வதை, மைத்திரம், பரம மைத்திரம். இவற்றில் 2, 4, 6, 8, 9 சாதகமானவை. 3, 5, 7 சாதகமில்லாதவை. ஜென்மத் தாரை நடுத்தரம். விபத்து, வதை என்ற பெயர்களைப் பார்த்துப் பதற வேண்டாம். 27 நாளில் ஒவ்வொரு தாரையும் மூன்று முறை வரும். சாதகமில்லாத மூன்று தாரைகளின் நாட்களிலும் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டால் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

நான் சொல்லும் முறை எளியது. சாதகமான தாரையில், கேள்விக்குக் கிடைத்த பதிலை அன்றே ஒரு செயலாக்குங்கள்: பேச வேண்டியவரிடம் பேசுங்கள், அனுப்ப வேண்டியதை அனுப்புங்கள். சாதகமில்லாத தாரையில் கவனிப்பதோடு நிறுத்துங்கள்; எழுதுங்கள், செய்ய வேண்டாம். ஜென்மத் தாரையில் உடல் தாங்கும் அளவுக்கு. எல்லா நாளும் செயல்படத் துடிப்பவருக்கும் எல்லா நாளும் யோசித்துக்கொண்டே இருப்பவருக்கும் இது ஒருசேரக் கடிவாளம் போடுகிறது.

8. சந்திராஷ்டமத்தை எப்படி எழுதுவது

ராசிக்கு எட்டில் சந்திரன் இருக்கும் இரண்டே கால் நாள். மேஷத்துக்கு விருச்சிகம், ரிஷபத்துக்குத் தனுசு, மிதுனத்துக்கு மகரம் என்று வரிசையாகப் போகும். நட்சத்திரக் கணக்கில் ஜென்ம நட்சத்திரத்துக்குப் பதினேழாவது நட்சத்திர நாள் அதன் உச்சம் என்பார்கள், அஸ்வினிக்கு அனுஷம். தினசரிக் காலண்டரிலேயே அன்று யாருக்குச் சந்திராஷ்டமம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

இந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் சந்திராஷ்டமமாகவே தெரியும். பஸ் தாமதம், மேலதிகாரியின் முகம், வீட்டில் ஒரு சொல்: எல்லாம் அதன் கணக்கில் போய்ச் சேரும். மற்ற நாட்களிலும் பஸ் தாமதமாகத்தான் வருகிறது, யாரும் குறித்து வைப்பதில்லை.

எட்டாம் இடம் மறைவானவற்றுக்கும் திடீர் மாற்றத்துக்கும் உரியது. அதனால் மாற்றத்தைப் பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. முதல் நாள் எழுதுங்கள்: என் வாழ்வில் ஏற்கெனவே மாறிவிட்டதும், நான் இன்னும் ஒப்புக்கொள்ளாததும் எது? மறுநாள்: அது மாறியதால் என் கையை விட்டுப் போனது எது, புதிதாக வந்தது எது? இரண்டு பட்டியலையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதி நம்மை நாமே தேற்றிக்கொள்வது வேண்டாம்.

கூடவே, முடியும் நேரத்தை மணிக்கணக்கில் பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள். 'வியாழன் காலை 9.10 வரை' என்று கண்ணெதிரே இருந்தால், மனம் கனத்திருக்கும் பொழுதுக்கும் ஒரு கரை தெரியும். ஆனால் கனம் வாரக்கணக்கில் இறங்கவில்லை என்றால் அது சந்திரன் சமாச்சாரம் அல்ல. பஞ்சாங்கத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

9. மெதுவான கிரகங்களைத் தினமும் இழுக்க வேண்டாம்

குரு ஒரு ராசியில் சுமார் ஓர் ஆண்டு, ராகுவும் கேதுவும் ஒன்றரை ஆண்டு, சனி இரண்டரை ஆண்டு. ராசிக்கு 12, 1, 2 ஆகிய மூன்று இடங்களையும் சனி கடப்பதுதான் ஏழரைச் சனி. இவற்றைத் தினசரிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினால் எல்லாப் பக்கமும் 'சனி படுத்துகிறான்' என்றே ஆரம்பிக்கும், நாளுக்குரியது மறைந்துபோகும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கும் உங்கள் ராசிக்கு எத்தனையாம் இடத்தில் இருக்கின்றன என்று மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கணக்கில் தாங்கும் ஒரு கேள்வி போதும். சனி பத்தில் என்றால்: பலன் உடனே தெரியாவிட்டாலும் தொடர்ந்து செய்யத் தயாராக இருக்கும் வேலை எது? பெயர்ச்சி வரும்போது அந்தப் பக்கத்தை அடித்து எழுதாமல், புதுப் பக்கத்தில் எழுதித் தேதி போடுங்கள்.

10. காலைக் குறிப்பு: நான்கு வரி

பிறர் எழுதிய பலனைப் படிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். நிலை, வேகம், கேள்வி, மாற்றம் என்று நான்கே வரி. ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசிக்காரர் ஒருவரின் பக்கம் இப்படி இருக்கலாம்:

நிலை: சித்திரை. பகல் 1.20 வரை கன்னி, 5ஆம் இடம். பிறகு துலாம், 6ஆம் இடம்.
வேகம்: தாரை 2, சம்பத்து. செயலாக்கலாம்.
கேள்வி: காலையில், இடமாற்றம் வருமா என்ற நினைப்பை எத்தனை முறை மெல்லுகிறேன்? பிற்பகலில், அதைப் பற்றி யாரிடம் கேட்டால் தெரியுமோ அவரிடம் கேட்பதை ஏன் தள்ளிப்போடுகிறேன்?
மாற்றம்: மதியத்துக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

சித்திரையின் முதல் இரண்டு பாதம் கன்னியிலும் பின் இரண்டு பாதம் துலாத்திலும் இருப்பதால், நட்சத்திரம் மாறாமலே ராசி மட்டும் பகலில் மாறியிருக்கிறது. இப்படிப்பட்ட நாளில் முழு நாளுக்கும் ஒரே இடத்தை எழுதிவிடுவது பரவலான பிழை.

நான்காவது வரிதான் எல்லோருக்கும் தடம் புரளும் இடம். 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்று எழுதுவார்கள். இன்று மாலைக்குள் செய்தேன் அல்லது செய்யவில்லை என்று சொல்லக்கூடிய ஒரு சிறு செயலாக அது இருக்க வேண்டும். இல்லையென்றால் இரவில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

11. இரவுக் குறிப்பு: பலித்ததா என்று பார்க்காதீர்கள்

படுக்கும் முன் இரண்டு வரி. கேள்விக்கு இன்று கிடைத்த பதில் என்ன? நான்காவது வரியைச் செய்தேனா?

'பலித்தது' என்று டிக் போடும் ஆசை வரும், அதை அடக்குங்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர், தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லிக் குணநலக் குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு, 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்புதான். அதன் வரிகளும் கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பொதுவான வாக்கியம் நமக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றுவது நம் மனத்தின் இயல்பு. பலித்ததா என்று பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே பலிக்கும்.

அதே காரணத்தால், அறுவைச் சிகிச்சைத் தேதி, வழக்கு, பெரிய முதலீடு, வேலையை விடுவது போன்றவற்றை இந்த நோட்டிடம் கேட்கக் கூடாது. அவற்றைப் பற்றி நமக்குள் என்ன ஓடுகிறது என்று எழுதிப் பார்க்கலாம்; முடிவுக்கு அந்தந்தத் துறை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் ராசிக்கும் பார்த்து, 'இன்று உனக்குச் சரியில்லை' என்று சொல்வதையும் தவிருங்கள். கேள்வி நமக்கு நாமே கேட்டுக்கொள்வது. பிறருக்குச் சொன்னால் அது பயமுறுத்தல்.

12. சுற்று முடிந்ததும் திரும்பிப் பாருங்கள்

ஆங்கில மாதக் கடைசியில் திரும்பிப் பார்க்க வேண்டாம். சந்திரன் உங்கள் ஜென்ம நட்சத்திரத்துக்குத் திரும்பும் நாளில் பாருங்கள். அப்போதுதான் பன்னிரண்டு இடங்களும் ஒரு முறை வந்து முடிந்திருக்கும்.

இரவுக் குறிப்புகளை மட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். எந்த இடத்துக்கு நிறைய எழுதியிருக்கிறீர்கள், எந்த இடத்துக்கு ஒற்றை வரியோடு ஓடியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பத்தாம் இடத்துக்கு அரைப் பக்கமும் நான்காம் இடத்துக்கு 'ஒன்றுமில்லை' என்றும் இருந்தால், அடுத்த சுற்றில் நான்காம் இடத்துக்கு வேறு கேள்வி வேண்டும். இந்தச் சுற்றில் நீங்களாகவே செய்த மாற்றங்களையும், கேட்காமல் வந்த மாற்றங்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் எதற்கு நீங்கள் பொறுப்பு என்பது தெரியாமல் போகும்.

விட்டுப்போன நாட்களைப் பிறகு உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாலும் ஜோடனையாகிவிடும். தேதியையும் சந்திரன் இருந்த இடத்தையும் மட்டும் எழுதி, பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மூன்று சுற்று ஆனபின் வெறும் பக்கங்களின் மேலே உள்ள எண்களை வரிசையாகப் பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்துக்கான கேள்வியைச் சிறிதாக்கி, ஒரே வார்த்தையில் பதில் எழுதக்கூடியதாக மாற்றிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்.